மொட்டை ரொட்டியும் மருமகளின் ஆராய்ச்சியும்

மஹய்யாவையில் ஒரு தகரக் கொட்டிலில் பெயர்ப்பலகைக் கடை போட்டேன். 'ஒரு மழைக்குத் தாங்காது' என்றார்கள். தாங்கியது. அதே இடத்தில் மாடிக் கட்டடம் எழுப்பினேன். கம்பளை முதல் புசல்லாவை வரை என் எழுத்து தொங்காத பஸார் உண்டா? படிப்பு... ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது விஞ்ஞானத்துக்கும் ஒரு கை கொடுத்திருக்கிறேன்!

போன வாரம் மருமகள் அபிராமி சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"என்னா புள்ள, மூஞ்சி இப்பிடி?"

"நாளைக்கு பெரிய டாக்டர்மாருக்கு விளங்கப்படுத்தணும் மாமா. அவங்க சரின்னு சொல்லாட்டி என் ஆராய்ச்சி அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். நம் உடம்புக்குள் மரபணு என்று நீள எழுத்து வரிசை ஒன்று இருக்கிறதாம். அதைப் படித்துத்தான் உடம்பு புரதம் செய்கிறதாம். ஆளுக்கு ஆள் அங்கங்கே எழுத்து மாறியிருக்கும். எல்லாவற்றையும் சோதிக்க வசதியில்லை. புரதத்தையே மாற்றுகிற மாற்றங்களை மட்டும் பொறுக்கி, அவை சீனி வருத்தக்காரர்களிடம் கூடுதலாக இருக்கின்றனவா என்று பார்க்கப்போகிறாள். 'மற்றதை ஏன் விட்டாய்?' என்று கேட்பார்களே... அதுதான் பயம்.

நான் சிரித்தேன். எழுத்துப் பிழையா? என்னிடமா?

"ஹோட்டலை ஓட்டல்னு எழுதினா என்னா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அதே சோறுதான்."

"கம்பளை நானாட சாப்பாட்டுக் கடையில, நம்ம போட்டிக்காரன் முட்டை ரொட்டிய 'மொட்டை ரொட்டி'ன்னு எழுதினானே?"

"ஐயோ... சாமானே மாறிப்போச்சு!"

"பெயிண்ட் முடிஞ்சு 'முட்'டோட நிறுத்தியிருந்தா?"

"ரொட்டியே இல்ல மாமா!"

"அப்ப ஓட்டல விடு. ரொட்டியக் கெடுக்கிறத மட்டும் புடி!"

துள்ளி எழுந்தாள். சோறும் இறங்கியது.

மறுநாள் டாக்டர்மாரிடம் மொட்டை ரொட்டியையே சொன்னாளாம். சிரித்துச் சிரித்தே சம்மதித்துவிட்டார்கள். வழுக்கைத் தலை டாக்டர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லையாம் — ஆனாலும் கையொப்பம் போட்டார்.

படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். அது தொண்டையில் இறங்கத்தான் ரொட்டி தேவைப்படுகிறது.

கட்டுரை வெளிவரும்போது 'நன்றி'யில் என் பெயரைப் போடுகிறாளாம். நன்றி யாருக்கு வேண்டும்? எழுதியவர்கள் வரிசையிலேயே போடச் சொன்னேன்.

"மொதல் பேரு உன்னோடதா இருக்கட்டும் புள்ள. நான் அடக்கமான ஆளு... கடைசியில போடு, போதும்."

"மாமா, கடைசிப் பேருதான் எல்லாருக்கும் பெரியவரு! அது எங்க பேராசிரியருக்கு."

அப்படியா? அப்படியென்றால் சரியான இடத்தைத்தான் கேட்டிருக்கிறேன். பேராசிரியர் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும்.