எண்ணெய் குடித்த பாறை

பேராச்சி பேசும் ஹிந்தியைக் கேட்டால் ஹிந்திக்காரர்களுக்கே காது அடைத்துவிடும். பத்தொன்பது வயதில் திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது அவளுக்கு ‘பானி’ என்ற ஒரு சொல்கூடத் தெரியாது. குழாயடியில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் அந்தக் குழாயடியில் என்னையே பேசவிடாமல் செய்தாள். முப்பத்திரண்டு வருஷமாக அவள் எனக்கு எதிர்வீடு. அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவள் செய்த காரியத்துக்குக் கோபப்படவும் உரிமை இருக்கிறது.

மகள் நாலாவது படிக்கும்போது புருஷன் போய்ச் சேர்ந்தான். மறு மாதமே பேராச்சி இட்லிச் சட்டியோடு சயான் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாள் முனிசிபாலிட்டி வண்டி வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. மற்றவர்கள் ஒதுங்கி நின்று அழ, இவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து வழிநெடுக ஹிந்தியில் சண்டை போட்டிருக்கிறாள். சாயங்காலம் தன் சட்டியோடு பக்கத்துக் கடைக்காரியின் சட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய் சம்பாதித்ததில்தான் மகள் இசக்கிசெல்வி படித்தாள். அவள் எடுத்தது கல் படிப்பு. பாறை எப்படி உண்டாகிறது, எந்த வயது, என்ன ஜாதி என்று பார்க்கிற படிப்பாம். ‘அம்மி கொத்தவா போறா?’ என்று எங்கள் சந்தே சிரித்தது, நானும் சிரித்தேன். படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஜோத்பூரில் ஒரு வேலை வந்தது. கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, பாலைவனத்துச் செடிகளும் எரிமலைப் பாறைகளும் இருக்கும் ஒரு பூங்கா. வருகிறவர்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரம்.

அந்த ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் பேராச்சி கிளம்பினாள். பிப்ரவரி மாதம், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு வரலாம் என்று. வேலை நிரந்தரமா இல்லையா என்று திங்கட்கிழமை கடிதம் வரும் நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாந்திராவில் ரயில் ஏற்றிவிட நானும் போனேன். பையில் இட்லிப்பொடி, முறுக்கு, மகளின் தலைக்கு ஒரு பாட்டில் நல்லெண்ணெய். கூடவே எங்கள் சந்து இசக்கியம்மன் மஞ்சளும் குங்குமமும்.

எங்கள் இசக்கியம்மனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளுக்கு முகம் கிடையாது, கை கால் கிடையாது. நிறுத்தி வைத்த ஒரு கல்தான். மஞ்சள் பூசி எண்ணெய் விட்டு விட்டு அது கறுத்து மினுமினுவென்று இருக்கும். அந்த மினுமினுப்பு இருந்தால்தான் எங்களுக்கு மனசு ஆறும். ஒரு கல் காய்ந்து நிற்பதைப் பார்த்தால், பெற்ற பிள்ளை பரட்டைத் தலையோடு நிற்பதைப் பார்த்த மாதிரி கை பரபரக்கும்.

பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது இசக்கிசெல்வி ஒன்றுதான் சொன்னாள். மேலதிகாரி ராத்தோட் வேலை நேரத்தில் சொந்தபந்தம் பேசுவதை விரும்பாதவர். அதனால் அம்மா டிக்கெட் எடுத்துக் கூட்டத்தோடு கூட்டமாக வர வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவளே அம்மாவை அவரிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்வாள். பேராச்சி சரி என்றாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், அந்த ஐந்து மணிக்காக.

வாசலில் மகள் கூட்டத்துக்கு விதிகளைச் சொன்னாள்: செடியைப் பறிக்காதீர்கள், குப்பை போடாதீர்கள், பாறையில் பெயர் எழுதாதீர்கள். பேராச்சி ஒன்றையும் மீறவில்லை. தின்ற வாழைப்பழத்தின் தோலைக்கூடப் பைக்குள்தான் வைத்திருந்தாள். சந்தில் யாரைப் பார்த்தாலும் கூச்சப்பட்டு ஒதுங்கும் தன் மகள், இருபது பேருக்கு முன்னால் கையை நீட்டி நீட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதி வார்த்தை காதில் விழவில்லையாம். பெருமையாக இருந்தது, அவ்வளவுதான் என்றாள்.

ஒரு திருப்பத்தில் தூண் தூணாகப் பாறைகள். யாரும் செதுக்கவில்லை, யாரும் நட்டுவைக்கவில்லை. பூமிக்குள்ளிருந்து நெருப்பாக வந்து, ஆறி, பிளந்து, இப்படி நிற்கின்றன என்று மகள் சொன்னாள். எழுபது கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சாம்பல் இறுகிய பாறையும் இதில் உண்டு, தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும் என்றாள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த திருப்பத்துக்குப் போனார்கள். பேராச்சி நின்றுவிட்டாள்.

நெருப்பில் பிறந்து தானாக வந்து நிற்கிற கல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எழுபது கோடி வருஷமாக இதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆள் இல்லையே என்று அவளுக்குக் கை பரபரத்ததாம். திங்கட்கிழமைக் கடிதமும் நினைவுக்கு வந்தது. மகளின் தலைக்குக் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து உச்சியிலிருந்து ஊற்றினாள். மஞ்சள் தடவினாள், மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். ‘எம்பிள்ளைக்கு இந்த வேலைய நிலைக்க வையி தாயே’ என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். படித்த மகள் தன் தாயிடம் கல்லில் எண்ணெய் ஊற்றாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு விதி வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

காவலாளியின் விசில் சத்தத்தில்தான் பேராச்சி கண்ணைத் திறந்தாள். பின்னாலேயே ராத்தோட் வந்தார். உயரமான மனிதர். அவர் கத்தவில்லை. பாறையைத் தொட்டார், விரலை முகர்ந்தார். அந்தப் பாறைகளுக்கு நடுவே மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி எடுக்கவே அவருக்குப் பல வருஷம் ஆனதாம். இந்தக் கல் எண்ணெயைக் குடித்துவிடும், துடைத்தால் இன்னும் பரவும், இனி நம் ஆயுசுக்குள் போகாது என்று ஹிந்தியில் சொன்னார். பேராச்சிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. முந்தானையால் துடைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

யார் நீங்கள், யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அவருடைய தோளுக்குப் பின்னால் மகள் ஓடிவருவதைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, ஹிந்தி தெரியாது என்று தலையை ஆட்டினாள். முனிசிபாலிட்டி வண்டியில் ஏறிச் சண்டை போட்டவள் அங்கே ஊமையாகிவிட்டாள்.

என்ன பாஷை என்று ராத்தோட் கேட்டார். ‘தமிழ்’ என்றாள் ஓடிவந்த மகள். அப்படியானால் நீயே கேட்டுச் சொல் என்று இசக்கிசெல்வியிடம் திரும்பினார்.

மகள் தமிழில் கேட்டாள். “எம்மா, யார்கூட வந்தேன்னு கேக்காரு. நான் சொல்லிருதேன்ம்மா.”

பேராச்சி மகளைப் பார்க்கவே இல்லை. ராத்தோடைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்: “சொன்னியோ, இந்தக் கல்லுலயே மண்டைய முட்டிக்கிடுவேன். தனியா வந்தேன்னு சொல்லு. உன்னைய எனக்குத் தெரியாது. கண்ணத் தொடைக்காத, நிமுந்து நில்லு பிள்ள.”

அவர் மகளைப் பார்த்தார். இசக்கிசெல்வி நிமிர்ந்து நின்றாள். தனியாக வந்தாராம், தெரியாமல் செய்துவிட்டாராம், மன்னிக்கச் சொல்கிறார் என்று ஹிந்தியில் சொன்னாள்.

போலீஸ் வேண்டாம் என்றார் ராத்தோட். என் அக்கா வயது இருக்கும், விட்டுவிடுங்கள் என்றார். செல்போனில் அவளை ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு, காவலாளியோடு வெளியே அனுப்பினார். பட்டுப்புடவையோடு, எண்ணெய்க் கையோடு, மூன்று மணிக்கே அவள் வாசலுக்கு வெளியே வந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து மணி வரைக்கும் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகளிடம் பிரஷ்ஷைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். சோப்பு, மண், சுடுதண்ணீர் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். குங்குமம் போனது, மஞ்சள் போனது. எண்ணெய் போகவில்லை.

திங்கட்கிழமை வரை பேராச்சி அங்கே இருக்கவில்லை. யார் கண்ணிலாவது சேர்ந்து பட்டுவிடுவோம் என்று பயந்து மறுநாளே ரயில் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் நேரே என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் கண்டபடி திட்டினேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பதில் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு மேல் என்னாலும் திட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அதோடு ராத்தோட் ஒரு வரி எழுதியிருந்தார்: பாறையில் எண்ணெய் ஊற்றிய சம்பவத்தின்போது பதறாமல் பொறுப்போடு நடந்துகொண்டார் என்று. அதை வாசித்துக் காட்டிவிட்டு அந்தப் பிள்ளை போனிலேயே அழுத அழுகை எங்கள் சந்துக்கே கேட்டிருக்கும்.

பேராச்சியின் படம் இப்போது அங்கே டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இவரை உள்ளே விட வேண்டாம் என்று கீழே எழுதியிருக்கிறதாம். தினமும் காலையில் அதற்கு நேர் கீழேதான் இசக்கிசெல்வி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். கிழித்துவிடவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. சொன்னால் கடிதத்தில் இருக்கும் அந்த வரி பொய்யாகிவிடும். பேராச்சி எங்களிடம், அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். மற்றவர்கள் நம்புகிறார்கள்.

போன வாரம் நான் அவள் வீட்டில் இருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்புத் திட்டைக் காட்டி என்ன என்று கேட்கிறார்களாம். நீ என்ன சொல்கிறாய் என்று பேராச்சி கேட்டாள். “கூட்டத்துல எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு, கேக்கேன்” என்றாள்.

மகள் ஹிந்தியில் சொன்னாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. யாரோ ஒரு பெண்மணி வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்விட்டார், இது எங்கள் காலத்துக்குள் போகாது, தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

“யாரோன்னுதான சொல்லுத?” என்று கேட்டாள் பேராச்சி.

“ஆமாம்மா.”

“சரி. அப்படியே சொல்லிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள்.