போன் நிப்பாட்டித்தான் இருக்கோணும்

என்ரை மகள் இஞ்சை பாரிசிலை பிறந்தவள். நான் தமிழிலை கேட்டால் பிரெஞ்சிலை பதில் சொல்லுவாள். காலிலை ஸ்கிப் பலகை கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையிலை ஏறப்போறன் எண்டதும் பிரெஞ்சிலைதான். ஏத்திவிட லிப்ட் இல்லை, போட்ட பாதை இல்லை, கால் வைச்ச இடந்தான் வழி. கண்டறியாத பனி! லா சப்பல் றோட்டிலை கொஞ்சம் கொட்டினாலே நான் சுவரைப் பிடிச்சு நடக்கிற ஆள்.

போறதுக்கு முதல் எங்கடை கடைக்கு வந்தாள். நெஞ்சிலை கட்டுற ஒரு சின்னப் பெட்டியைத் தந்து, அரிசி மூட்டையளுக்குள்ளை ஒளிச்சு வையுங்கோ எண்டாள். பனிச்சரிவிலை ஆராவது புதைஞ்சால், அவையின்ரை பெட்டி விடுற சிக்னலை மற்றவையின்ரை பெட்டியாலை தேடிப்பிடிச்சுத்தான் தோண்டி எடுக்கிறதாம். அதுக்குப் பழகிறாளாம். ஒளிச்சுப்போட்டு, போனும் கையுமா அவளின்ரை தோளோடை ஒட்டிக்கொண்டு போனன். அவள் கையிலை வைச்சுத் தேடின மற்றப் பெட்டியிலை அம்பு அங்கையும் இஞ்சையும் ஆடிச்சுது. போன் கிட்ட இருந்தால் சிக்னல் குழம்புமாம், மலையிலை எல்லாரும் நிப்பாட்டித்தான் வைக்கிறவையாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

"அப்ப நீ உயிரோடை இருக்கிறாய் எண்டு நான் எப்பிடியடி அறியிறது?"

"நிப்பாட்டியிருந்தால் நான் ஒழுங்கா நடக்கிறன் எண்டு நினையுங்கோ, அம்மா." அதை மட்டும் தமிழிலை சொன்னாள்.

அவள் ஏறின அண்டைக்குப் பனிச்சரிவு ஆபத்து அஞ்சிலை மூண்டு எண்டு இன்ரநெற்றிலை போட்டிருந்தது. மூண்டுதானே எண்டார் என்ரை மனுசன். அஞ்சு எண்டால் ஒருத்தரும் போகாயினம், மூண்டுக்குத்தான் துணிஞ்சு போய் மாட்டுறவை எண்டு அவள் எனக்கு முதலே சொல்லியிருந்தாள். காத்து புதுப்பனியை ஒரு பக்கமாக் குவிச்சிருக்கும். அடியிலை சீனி மாதிரி ஒட்டாத பனி. ஆள் மிதிச்சால் மேலை உள்ளது பலகையாக் கழண்டு வரும். இதெல்லாம் எனக்கு ஏன்தான் விளங்கிச்சுதோ.

காலமை முழுக்க வெண்டிக்காய் நிறுக்கிறதுக்கு இடையிலை அடிச்சு அடிச்சுப் பார்த்தன். ஒவ்வொரு தரமும் பதிஞ்சு வைச்ச அவளின்ரை குரல், சிரிச்சுச் சிரிச்சு மெசேஜ் விடச்சொல்லும். நிப்பாட்டியிருக்கு, நடக்கிறாள். எனக்கு மூச்சு வரும்.

மத்தியானம் அடிக்க, றிங் போச்சு. நிப்பாட்டியிருக்க வேண்டின போன் ஏன் அடிக்குது? ஒருத்தரும் எடுக்கேல்லை. திருப்பி அடிச்சன், அடிச்சுக்கொண்டே கிடந்துது. கறிவேப்பிலை கேட்டு வந்த மனுசியிலை எரிஞ்சு விழுந்தன். பிள்ளையாரே எண்டு அரிசி மூட்டையிலை குந்தீட்டன்.

கொஞ்சத்தாலை அவளே திருப்பி அடிச்சாள். காலுக்குக் கீழை பனி 'வூம்' எண்டு அமர்ந்து, முன்னாலை நீளத்துக்கு வெடிப்பு ஓடிச்சுதாம். அப்பிடியே திரும்பி இறங்கி, தங்கிற இடத்துக்கு வந்து, போனை சார்ஜிலை போட்டிட்டு உடுப்பு மாத்தப் போனவளாம். நான் அழுதழுது ஏசினன். உடனை வீட்டை வா எண்டன். நாளைக்குச் சாய்வு குறைஞ்ச பக்கமாப் போறம், பயப்பிடாதேங்கோ எண்டாள்.

"அந்தச் சரிவு கழண்டு உன்னை மூடியிருந்தால், போன் அடிச்சிருக்குமோ?"

"இல்லை அம்மா. நிப்பாட்டித்தான் இருந்திருக்கும்."

அடுத்தநாள் காலமை கடை திறக்க முதல் அடிச்சன். அதே சிரிச்ச குரல், மெசேஜ் விடச்சொல்லிச்சுது. பூட்டிலை போடாமல் திறப்பைக் கையிலை பிடிச்சபடி திருப்பித் திருப்பி அடிச்சுக் கேட்டுக்கொண்டு நிண்டன்.