காதுக்கு எட்டாத பாங்கு

முதலில் சளி என்றுதான் நினைத்தேன். கல்முனைப் பசாரில் துணிக்கடை வைத்திருப்பவனுக்குத் தொண்டை கட்டுவது புதினமா? நாள் முழுக்கக் கத்துகிற தொழில். கற்கண்டு, கொத்தமல்லி அவித்த தண்ணீர் என்று மாதங்களைப் போக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்மியிருந்தால் டொக்டரிடம் போங்கள்.

கொழும்பில் பயொப்சி (சதையில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும், இனிக் கழுத்தில் போடும் துளையால்தான் மூச்சு என்றார் டொக்டர்.

எனக்கு வேறொரு அவசரம் இருந்தது. மகள் நஸீமாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் வலது காதில் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்வது என் வேலை.

“டொக்டர், ரெண்டு மாசம் பொறுக்க ஏலாதா? பேரப்பிள்ளைக்குப் பாங்கு சொல்லிட்டு வாறன்.”

“பொறுத்தா கட்டி மூச்ச அடைச்சிரும். நீங்களே யோசிங்க.”

நான் யோசிக்குமுன் என் மனைவி பௌசியா பாய்ந்தாள். “பாங்கு சொல்ல ஊருல ஆளில்லயா? எனக்கு நீங்க உசிரோட வேணும்!”

கத்தி வைத்தார்கள். கண் விழித்ததும் பௌசியாவைக் கூப்பிட்டேன். சத்தம் இல்லை. தெரிந்திருந்தும் கூப்பிட்டேன் பாருங்கள். என் உம்மா மௌத்தான அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

ஊர் திரும்பி முதல் தடவை பசாருக்குப் போனபோது மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஒரு பள்ளிவாசல் முடிக்குமுன் அடுத்த பள்ளி தொடங்கியது. முன்பெல்லாம் அது எனக்குக் கடைக் கதவை இழுத்துவிடும் நேரம், அவ்வளவுதான். அன்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். கேட்டபடியே ஆட்களின் காதுகளைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். மீனுக்கு விலை கத்துகிறவர், நிறுவையில் ஏமாற்றும் இறைச்சிக்கடைக்காரர், என்னோடு வருடக்கணக்காக முகம் கொடுக்காத எதிர்க்கடை ஹாஜியார், இவர்கள் ஒவ்வொருவரின் காதுக்கும் ஒரு நாள் யாரோ குனிந்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் இவர்களை இந்த ஊருக்குள் விட்டிருக்கிறார்கள். பாண்டிருப்பிலிருந்து மரக்கறி கொண்டுவரும் தமிழ் அம்மாவுக்கும், சந்தியில் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரனுக்கும் வீட்டில் என்ன சொன்னார்களோ, யாரோ குனிந்திருப்பார்கள். இத்தனை வருடமும் நான் இந்தத் தெருவில் வாங்குகிறவன், வாங்காதவன் என்று இரண்டு சாதியைத்தான் கண்டிருந்தேன்.

நடுத்தெருவில் நின்று அழுதேன். “காக்கா (அண்ணா), தல சுத்துதா?” என்று மீன்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

நஸீமாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மருமகன் பக்கத்தில் நிற்க, அவள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

“நீங்கதான் சொல்லணும் வாப்பா.”

அவளுக்கு எப்படி விளக்குவது? குரல்வளை போனவனால் காதோடு குசுகுசுக்கவும் முடியாது. மூச்சே வாய்க்கு வராது. ஆனாலும் குனிந்தேன். முழுப் பாங்கையும் உதட்டால் சொன்னேன். மூச்செல்லாம் கழுத்துத் துளையால் போயிற்று. பிள்ளையின் காதோரப் பூமயிர் ஒன்றுகூட அசையவில்லை. பாவி நான், அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

பிறகு மருமகனுக்குக் கை காட்டினேன். அவர் சொன்னார். நல்ல குரல்.

எங்கள் பக்கம் சொல்வார்கள்: பிறந்த பிள்ளைக்குப் பாங்கு உண்டு, தொழுகை இல்லை. மையித்துக்கு (இறந்தவரின் உடலுக்கு) தொழுகை உண்டு, பாங்கு இல்லை. அந்தப் பாங்குக்குத்தான் இந்தத் தொழுகை. நடுவில் தொழுகைக்காக முகம் கைகால் கழுவிக்கொள்ள எவ்வளவு நேரம் கிடைக்கும்? பேரனுக்கு இப்போதுதான் சொல்லியிருக்கிறது. எனக்குச் சொல்லி வெகுநேரமாகிவிட்டது. ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.