பிள்ளை ஏலத்தில் நான் கேட்ட விலை

தொலைக்காட்சியில் வரும் ஏல நிகழ்ச்சிகள் எல்லாம் செட்டப் என்பது என் கட்சி. பூட்டிக் கிடந்த கிடங்கை ஒருவன் ஏலத்தில் எடுப்பானாம், திறந்தால் உள்ளே பழைய மோட்டார் சைக்கிள் பளபளவென்று நிற்குமாம். என் மனைவி மல்லிகாவோ ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பாள். "நெசமான ஏலத்த நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். பார்த்ததில்லை. அதனால்தான் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய கல்லூரித் தோழி ஜெசிந்தாவின் ஊரில் நடந்த அந்தோணியார் திருவிழாவுக்குக் கிளம்பினோம். காணிக்கையாக வந்த ஆடு, கோழி, தேங்காயை அங்கே ஏலம் விடுவார்கள்.

திருச்சியில் காலை ஆறு மணி பஸ். திண்டுக்கல்லுக்கு நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து வேடசந்தூர் இருபது கிலோமீட்டர். பிறகு ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். "ஆட்டுக்குட்டி வேணும்னா சொல்லுங்கண்ணே, எங்க மச்சான்தான் ஏலம் விடுறாரு, செத்த பாத்து முடிக்கச் சொல்றேன்" என்றார் ஆட்டோக்காரர். கேட்டாயா என்பதுபோல் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் சோளக்காட்டைப் பார்த்தாள்.

கோயில் முன் கொட்டகையில் ஏலம். ஒற்றைத் தேங்காய் எண்ணூறு ரூபாய்க்குப் போனது. என் சந்தேகம் முற்றிக்கொண்டே வந்தது. அடுத்து ஜெசிந்தாவின் ஒன்றரை வயது மகனை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவன். நேர்ந்துகொண்டபடி அந்தோணியாருக்கே கொடுத்துவிட்டு, ஏலத்தில் திரும்ப எடுக்க வேண்டும். பிள்ளையின் அப்பா ஆயிரம் என்றார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஏலம் விடுபவர் அதோடு நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். மைக்கைத் தட்டினார். ஜெசிந்தா கண் கலங்கக் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

டிவியிலும் இதே இழுவைதான். எரிச்சலில், நிஜமா என்று பார்த்துவிடுவோமே என்று "ரெண்டாயிரம்!" என்று கத்திவிட்டேன்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மல்லிகா கிள்ளிய தடம் இரண்டு நாள் இருந்தது. அப்போது கொட்டகைக்கு வெளியே, பைக் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். "யாருய்யா அது? எங்க பிள்ளைய வெளியூர்க்காரனுக்கா விடுவோம்? அய்யாயிரம்!"

மூன்றாம் தரம் மூச்சு விடாமல் வந்தது.

அவர் ஜெசிந்தாவின் தம்பி சேவியர் என்று மல்லிகா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை ஏலத்தைத் தாய்மாமன் கேட்டு முடிப்பதுதான் முறை, வெளியாள் வாய் திறக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் அக்காவும் தம்பியும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. அவர் கேட்பாரா என்றுதான் ஊரே காத்திருக்கிறது. நடுவில் இந்த முந்திரிக்கொட்டை. சேவியர் பிள்ளையை வாங்கி, முத்தம் கொடுத்து, அக்கா கையில் சேர்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

போக நினைப்பவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு. மதியம் பிரியாணி, காசு வாங்க மாட்டார்கள். திரும்ப நாலரைக்கு ஒரே பஸ். ஆட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்.

பஸ்ஸுக்கு நின்றபோது சேவியர் பைக்கில் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே," என்றார். "நான் கேக்கணும்னு எங்கக்காதான ஒங்கள வெலய ஏத்தி விடச் சொல்லுச்சு?"

என்னைப் போய் செட்டப் ஆள் என்கிறாரே! இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் 'ஆமாம்' என்று நான் சொல்ல வேண்டுமே என்று அந்த மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி. அக்காதான் சொன்னாங்க."

அவர் பைக்கை அக்கா வீட்டுப் பக்கம் திருப்பினார்.