ஓர் ஆள் அதிகம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கதை கட்டுகிற ஆள் அவள் இல்லை. அவள் என் ஓரகத்தி, என்னைவிட மூன்று வயது இளையவள். நகர வளர்ச்சி வாரியத்தில் திட்ட அலுவலர். வீட்டில் வெள்ளையடிக்கிற பேச்சு வந்தால்கூட, சுவரை அளந்து எழுதி வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். அவள் எனக்குச் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

ரயில் நிலையத்தைச் சுற்றியிருந்த பழைய பகுதியை அடியோடு மாற்றி அமைக்க வாரியம் முடிவெடுத்திருந்தது. பாழடைந்த கிடங்குகள் இருந்த இடத்தில் குடியிருப்புகள் வரும். பேருந்து நிலையம் ரயிலோடு ஒட்டி வரும். இரண்டையும் இணைக்க மேலே அகலமான நடைமேம்பாலம். அப்படியானால் கீழே இருக்கிற பழைய சுரங்கப்பாதை எதற்கு? வைத்துக்கொள்வதா, மூடிவிடுவதா? அதைத் தீர்மானிக்க, அதில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று ஏழு நாள் எண்ண வேண்டும். அந்த வேலை இவள் தலையில் விழுந்தது.

பாதை அறுபத்திரண்டு மீட்டர் நீளம், ஒரே நேர்கோடு. ரயில் பக்கம் ஒரு வாய், பேருந்துப் பக்கம் ஒரு வாய். நடுவில் கதவு, சந்து, ஜன்னல் எதுவும் கிடையாது. மாலையில் நெரிசலுக்குப் பயந்து ஒருவழியாக்கியிருந்தார்கள். ரயிலில் வந்தவர்கள் இறங்கிப் பேருந்துப் பக்கம் ஏறலாம், அவ்வளவுதான். நாலு மணிக்கு உள்ளே கழுவிவிட்டுக் கம்பிக் கதவைத் திறப்பார்கள். ஆறு மணிக்கு, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடுவார்கள்.

ரயில் பக்கம் எண்ணுவதற்கு ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கிடைத்தார். எல்லாருக்கும் அவர் ‘டிக்கெட் சார்’. முப்பத்தோரு வருஷம் ஓடுகிற ரயிலில் தலைகளை எண்ணியவர். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நாள் முழுக்க மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் வந்தேன் என்றாராம். பேருந்துப் பக்கம் படிகளின் மேலே இவளே நின்றாள். இருவர் கையிலும் எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஒரு தட்டு, ஓர் ஆள்.

முதல் நாள். உள்ளே போனவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. வெளியே வந்தவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று.

“ஒருத்தர விட்டுட்டீங்க சார்.”

“நானா?” அவர் சிரித்தார். “கழிவறைக்குள்ள ஒளிஞ்சிருக்கறவனையே விட்டதில்ல மேடம்.”

இரண்டாம் நாளும் ஓர் ஆள் அதிகம். மூன்றாம் நாள் இருவரும் பக்கம் மாறி நின்றார்கள். அன்றும் ஓர் ஆள் அதிகம்.

நாலாம் நாள் பழையபடி அவரவர் இடத்தில் நின்றார்கள். ரயில் தாமதம். 4:36. பாதை காலியாகக் கிடந்தது. போனில் கேட்டாள்.

“யாராவது இறங்கினாங்களா?”

“ஈ காக்கா இல்ல மேடம்.”

ஆனால் கீழே சத்தம் கேட்டது. சரக்... சரக்... நனைந்த செருப்பின் சத்தம்.

ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். இவள் பக்கத்தில் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

“அஞ்சாம் நம்பர் போயிடுச்சா?”

“அப்படி ஒரு பஸ்ஸே இல்லீங்களே.”

அவர் தலையாட்டினார். நடந்தார். இவள் கட்டைவிரல் தானாகத் தட்டியது. டிக். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள். அதே 4:36. கூட்டத்துக்கு நடுவில் அதே ஆள், அதே கேள்வி. இவள் கட்டைவிரல் மட்டும் தட்டியது.

ஆறாம் நாள் மாலை டிக்கெட் சாரிடம் சொன்னாள். அவர் பயப்படவில்லை.

“நாளைக்கு அந்த நேரத்துக்கு நான் உள்ள நடந்து வரேன். எங்க ஏறுறான்னு பார்த்துடலாம்.”

“வேண்டாம் சார்.”

“டிக்கெட் இல்லாம வர்ற ஒருத்தன்தானே மேடம். எனக்கு இது புதுசா?”

இன்னொரு முறை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அறிக்கை மறுநாள் போக வேண்டும். கணக்கு இடிக்கக் கூடாது. அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

ஏழாம் நாள், விடுமுறை. கூட்டம் இல்லை. 4:34. போன் வந்தது.

“இறங்குறேன் மேடம். எனக்கும் ஒரு தட்டு தட்டி, கருவிய நாற்காலியில வச்சுட்டேன்.”

“போன வைக்காதீங்க சார்.”

அவர் காலடி போனில் கேட்டது. “லைட் எரியுது... யாரும் இல்ல... பாதி தூரம் வந்தாச்சு...”

4:35.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?”

“நான் மேலதான் சார் நிக்கறேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.

4:36.

சரக்... சரக்...

அதே ஆள். தனியாக.

அன்று எதுவும் கேட்கவில்லை. முதல்முறையாக இவள் முகத்தைப் பார்த்தார்.

கடந்து போனார்.

டிக்.

இவள் திரும்பவும் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி... மறுபடி... படிகளையே பார்த்தபடி நாலு நிமிஷம்.

காவலாளியைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அறுபத்திரண்டு மீட்டர். கழுவிய தரை. ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் நாற்காலியில் அவருடைய கருவி. தொண்ணூற்றாறு.

இவள் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு.

கணக்குச் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு போலீஸ், மோப்ப நாய், விசாரணை. அந்த மாப்பிள்ளைதான் தூண் தூணாகப் போய், காணவில்லை என்று மாமனாரின் படத்தை ஒட்டினாராம். மூன்றாம் வாரம் வாரியம் சுரங்கப்பாதையை மணல் கொட்டி நிரப்பிவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். பேருந்துப் பக்கக் கடை ஒன்றின் கேமரா, படிகளைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. பதிவு இப்போதுதான் கைக்கு வந்ததாம்.

ஏழு நாள் பதிவையும் போட்டுக் காட்டினார்கள். பையை அணைத்த அந்த ஆள் ஒரு நாளும் அதில் இல்லை. நாலாம் நாள் இவள் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

ஏழாம் நாள். 4:36.

படியேறி வருவது டிக்கெட் சார்.

நேராக இவள் எதிரே வந்து நிற்கிறார். இவள் கட்டைவிரல் தட்டுகிறது. அவர் ஏதோ சொல்கிறார். இவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டுகிறார். அவர் கையில் போன் ஒளிர்கிறது... அணைகிறது... ஒளிர்கிறது. ஓர் அடி தள்ளி இவள், போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் படிகளைப் பார்க்கிறாள்.

நாலு நிமிஷம்.

பிறகு இவள் காவலாளியோடு கீழே ஓடுகிறாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார். பிறகு பேருந்துகள் பக்கமாக நடந்து படத்தை விட்டுப் போகிறார். அதற்குப் பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

“எதிர்லயே நிக்கிறாரேம்மா. ஏன் பேசல?” என்று அதிகாரி கேட்டாராம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று.

பதிவில் ஒலி கிடையாது. ஆனால் உதட்டசைவை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாளாம். நாலு நிமிஷமும் ஒரே வார்த்தைகள்.

“மேடம்... நான் வந்துட்டேன்.”