கிளிப்பச்சைப் பட்டை போட்ட எஞ்சின்

என் தங்கச்சி ரெஜிலாவின் கண்ணைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நெய்யாற்றின்கரையில் பல்செட் செய்யும் லேபில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. பக்கத்துப் பல்லோடு சேருகிற நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவோமாம். அவள் செய்த பல்லோடு கல்யாண வீட்டில் சிரித்த ஒருவரையும் இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

லேப் விட்டால் அவளுக்குப் பொம்மை ரயில். பொம்மை என்றால் முறைப்பாள், மாடல் என்று சொல்ல வேண்டும். செங்கல் என்கிற ஊரில் எங்கள் வீட்டு மாடியறையில், பாறசாலை ஸ்டேஷனையே பலகை மேல் கட்டி வைத்திருக்கிறாள். இவளைப் போல இருபத்தேழு கிறுக்குகள் இந்தப் பக்கத்தில் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு பலகை சுமந்து வந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாதையாக்கி வண்டி விடுவார்கள். அந்தப் பாதையில் ஏறுகிற எஞ்சின், அதே நிறத்தில் அதே நம்பரில் நிஜமாக ஓடியிருக்க வேண்டும். ஓடியதா இல்லையா என்று சொல்வது ரெஜிலா. அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

போன வருடம் கோயம்புத்தூரில் மாடல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி புது எஞ்சின் ஒன்றை அறிவித்தது. கருநீல டீசல் எஞ்சின், இடுப்பில் கிளிப்பச்சைப் பட்டை. வாட்ஸ்அப் குழுவில் ஒரே அடிதடி. "பழைய அச்சு, புது பெயிண்டு. நம்மள முட்டாளாக்குதானுவ" என்றார்கள் பலர். பஸ் கண்டக்டர் ஸ்ரீஜித் மட்டும், "பாக்க நல்லாத்தானே இருக்கு சேச்சி? எனக்க மேசையில ஓடுத வண்டிக்கு நிறம் ரயில்வேயா சொல்லணும்?" என்று கேட்டான்.

"மேசையில நீ ரோஸ் அடிச்சும் ஓட்டு. ஓடாத நிறத்துக்கு நம்பரும் வருசமும் எழுதி விக்கப்பிடாது. அது பொய்யாக்கும்" என்றாள் ரெஜிலா. இந்த நிறம் வெறும் கற்பனை என்று எல்லாக் குழுக்களிலும் எழுதிப் போட்டாள். யாரோ பழைய ரயில்வே ஊழியர் சொன்னதை நம்பிச் செய்தேன், படம் கையில் இல்லை என்று கம்பெனிக்காரர் பதில் எழுதினார். யார் கேட்டார்கள்? வாங்குவதாகச் சொல்லி வைத்திருந்த நாற்பது பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் ஜூபிலி மலருக்காக நான் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அம்மாவும் சங்கத்துப் பெண்களும் பாறசாலை பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள், பின்னால் ஒரு எஞ்சின். எட்டிப் பார்த்த ரெஜிலா என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். கோயம்புத்தூர்க்காரர் போட்டிருந்த அதே நம்பர்.

"படம் வெளிறிப்போச்சு மக்கா. பட்டை மஞ்சளால்லா இருக்கு?" என்றேன்.

"அம்மைக்க சேலையும் அதே மஞ்சளாத்தான் இருக்கு, பாரு."

நேரே பீரோவுக்குப் போனாள். அந்தச் சேலையை எடுத்து வந்து ஜன்னலோரம் விரித்தாள். அசல் கிளிப்பச்சை. சேலையின் பச்சை படத்தில் மஞ்சளாகியிருந்தால், பட்டையின் பச்சையும் அப்படித்தானே ஆகியிருக்கும்? அவள் முகம் செத்துப்போயிற்று. அவளுடைய வார்த்தைக்கு இருந்த மதிப்பெல்லாம் இந்த ஒரு படத்தோடு போய்விடும் என்று எனக்கும் தெரிந்தது.

"இந்தப் படத்த மலர்ல போடாண்டாம். ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். சொன்னேன், மறைக்கவில்லை. தங்கச்சி அல்லவா.

"எனக்குத் தெரியுமே அக்கா."

அன்று மத்தியானமே படத்தையும் சேலையையும் சேர்த்து எல்லாக் குழுக்களிலும் போட்டாள். மேலே ஒரே வரி: நான் சொன்னது தப்பு. கோயம்புத்தூருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, அந்த எஞ்சினில் ஒன்றைத் தனக்கு எடுத்து வைக்கச் சொன்னாள்.

ஜனவரியில் நெய்யாற்றின்கரை ஹாலில் எல்லோரும் பலகைகளோடு கூடினார்கள். நானும் போனேன். யாராவது ஏதாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் போனேன். ரெஜிலா எழுந்தாள்.

"நான் பாக்காததயெல்லாம் இல்லேன்னு சொல்லிட்டேன். இனி நிறம் பாக்க வேற ஆள வையுங்க."

முதலில் ஸ்ரீஜித்தான் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே சிவப்பு எஞ்சின்.

"சேச்சி பாக்காம இத ஏத்த மாட்டேன்."

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் பெட்டியோடு வந்து நின்றார்கள். அடப்பாவிகளா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தங்கச்சியாக்கும் என்று அந்த ஹாலுக்கே கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. அவள் எஞ்சினை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது ஸ்ரீஜித். படம் தேடணும்" என்றாள்.

"செரி சேச்சி, தேடிட்டு வாறேன்" என்று அவன் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.