கறுப்புத் திரையில் விழாத எண்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அக்கா, நான், தறியை நிறுத்திவிட்டு வந்து நின்ற அம்மா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மாமா. இல்லாதவர் அப்பா. ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்தால்தான் பேசுவார். அன்று வியாழக்கிழமை.

கிழமை இவ்வளவு நன்றாக நினைவிருக்கக் காரணம் உண்டு. மறுநாள் சாயந்தரம் ஐந்து மணிக்குள் அக்கா தனக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி கவுன்சிலிங் தளத்தில் பதிய வேண்டும். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் கடைக்காரர்கள்கூடக் கூப்பிட்டு விசாரிக்கும்படி ப்ளஸ் டூவில் மார்க் வாங்கியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அந்தத் தளத்தின் நீளமான பாஸ்வேர்டை, பள்ளியில் கொடுத்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்திருந்தாள். வேறு கம்ப்யூட்டரில் புது பாஸ்வேர்டு வாங்கலாம் என்றால் அதற்கான ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் போகும். அந்தப் போனை அம்மா காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி ஒருவன் பென்டிரைவில் கொண்டுவந்த சினிமாப் படங்களை எல்லாம், அக்கா குளிக்கப் போன நேரங்களில் நாலு நாளாக ஏற்றியிருந்தேன். இடமில்லை என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றபோது அதை மூடிவிட்டு விளையாடப் போய்விட்டேன். வியாழக்கிழமை காலை அக்கா திறந்தபோது வழக்கமான படமும் பொத்தான்களும் வரவில்லை. வெறும் கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் பெயர் கேட்டு ஒரு வரி, அதன் பக்கத்தில் துடிக்கிற சின்னக் கோடு. மூன்று முறை அணைத்துப் போட்டாள். மூன்று முறையும் அதேதான்.

பள்ளிக் கம்ப்யூட்டர் சாருக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். லினக்ஸ் அப்படித்தான் சில நேரம் நிற்கும், பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போ, அப்புறம் அடிக்க வேண்டியதைச் சொல்கிறேன் என்றார். அதோடு ஒரு கேள்வியும் கேட்டார்.

“நெறையா ஏதாச்சும் ஏத்தி வெச்சிருக்கியாம்மா?”

“இல்லைங்க சார்.”

பக்கத்தில் நின்ற நான் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அக்கா தன் பெயரை அடித்தாள். எழுத்தெழுத்தாக விழுந்தது. அடுத்த வரி பாஸ்வேர்டு கேட்டது. அவள் பிறந்த தேதி, எட்டு எண்கள். அடித்தாள். ஒன்றும் விழவில்லை. போனில் விழுவது போன்ற புள்ளிகூட இல்லை. துடிக்கிற கோடு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மெதுவாக அடித்தாள், அழுத்தி அடித்தாள்.

“பேரு வருதுங்க சார். நம்பர் மட்டும் ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க.”

கீ போயிருக்கும், கடையில் கொடு என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடைக்கு வழி சொன்னார். அதற்குள் லைன் போய்விட்டது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான் அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெயர் கேட்கிற வரியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துப் பார்த்தேன். மூன்றும் பளிச்சென்று விழுந்தன. கீயில் கோளாறு இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கீயில் கோளாறு இல்லையென்றால் பேச்சு திரும்ப சாரின் கேள்விக்கு வரும், அங்கிருந்து என் படங்களுக்கு வரும். மூன்று எண்களையும் அழித்துவிட்டுச் சோறு தின்னப் போனேன்.

மாமாவுக்கு எந்த இயந்திரத்தின் நோயும் அழுக்குதான். ரிக் வண்டியில் பதினைந்து வருடம் இருந்தவர். வேலை முடிந்ததும் அந்த ஆட்கள் கம்ப்ரசர் ஹோஸைத் திருப்பித் தலைமுடியிலும் சட்டையிலும் படிந்த கல்மாத் தூசியை ஊதிக்கொள்வார்கள். டிபன் பாக்ஸையும் அதிலேயே துடைப்பார்கள். சர்வீஸுக்கு வந்த அவருடைய ரிக் வண்டி எங்கள் காட்டோரத்தில் நின்றிருந்தது.

“தறி ஊட்டுல வெச்சா பஞ்சு பூராம உள்ள பூந்திருக்கும் அம்மிணி. ஒரு காத்து உட்டாச் செரியாப் போயிரும்.”

அக்கா வேண்டாம் என்றாள். அம்மா, மாமாவுக்குத் தெரியாததா சாமி என்றாள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமாவின் பின்னால் போனேன்.

ஆயிரம் அடி ஆழத்தில் உடைந்த கல்லை மேலே தள்ளுகிற காற்று அது. கால்வாசிதான் திறந்ததாக மாமா இன்றைக்கும் சொல்கிறார். நீளமான கீதான் முதலில் போனது. பிறகு மற்றவை ஈசல் மாதிரி எழும்பிச் சோளக்காட்டுக்குள் விழுந்தன. அக்கா தட்டைகளுக்கு நடுவே குனிந்து ஒவ்வொன்றாகத் தன் தாவணியில் பொறுக்கினாள். மாமா ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு, “எப்புடியோ, உள்ளுக்குள்ள சுத்தமாயிருச்சு” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாவும் அக்காவும் நானும் சேலம் போனோம். கீபோர்டு மாற்ற வேண்டும் என்றோம். கடைக்காரர் நாங்கள் கேட்டதைத்தான் செய்தார். அந்த மாடல் ஈரோட்டிலிருந்து வர வேண்டும், உட்காருங்கள் என்றார். அஞ்சு மணிக்குள்ள வேணுங்க என்று அக்கா சொன்னாள். மறுபடி சொல்ல எழுந்தவளை, பெரிய கண்ணாடிக் கடையில் நச்சரிக்கக் கூடாது என்று அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். சுவரில் கடிகாரம் இருந்தது. அக்கா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

புது கீபோர்டு மாட்டி எங்களிடம் திருப்பி வைத்தபோது மணி ஐந்தே முக்கால். அக்கா பெயரை அடித்தாள், விழுந்தது. எண்களை அடித்தாள். விழவில்லை.

“இப்பவும் வர்லைங்களே.”

கடைக்காரர் கையை நீட்டி எண்டரை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே போய்விட்டது.

“இதுல பாஸ்வேர்டு அடிச்சாக் கண்ணுக்குத் தெரியாதுங்க. அது பாட்டுக்கு வாங்கிக்கும்.” பிறகு ஏதோ ஒரு வரி அடித்துப் பார்த்தார். “படமா நெறைச்சு வெச்சிருக்கீங்க. ரெண்ட அழிச்சிருந்தாவே ஓடியிருக்கும்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், எல்லாத்தையும் அழிச்சிருங்கண்ணா என்றாள்.

கடைசியில் மிச்சம் விழுகிற இடங்களுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது என்று சார் சொன்னார். எல்லாம் தூரத்துக் கல்லூரிகள். ஹாஸ்டலா என்றாள் அம்மா. அடுத்த வருசம் பார்த்துக்கலாம் என்றார் மாமா. அடுத்த வருசம் அக்கா இரண்டாவது தறியில் நின்றாள். அதற்கடுத்த வருசம் கல்யாணம். நான் கல்லூரி சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனோம். உங்கள் வீட்டில் இதற்குமுன் யாராவது டிகிரி படித்திருக்கிறார்களா என்று கேட்டார் அதிகாரி. இல்லைங்க, இவந்தான் மொதோ ஆளு என்றார் அப்பா. கல்லூரியில் முதல் மாதமே அந்தக் கறுப்புத் திரையின் முன் உட்கார வைத்தார்கள். பாஸ்வேர்டு விழவில்லை என்று பக்கத்துப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சேலத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் அக்கா படங்களைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொன்னதில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்து அவள் தோளிலேயே தூங்கிப் போனேன். வீட்டு வாசலில் காத்திருந்த மாமா, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். அம்மா சொன்ன தொகையைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது, நான் என்னமோன்னு பயந்துட்டேன் என்றார். எனக்கும் அது சின்னத் தொகையாகவே பட்டது. கீபோர்டு ஆயிரத்து அறுநூறு, கூலி முந்நூறு, மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.